கொற்கைக்கு மீன் வரும் வழி

கொற்கைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, கடல் எங்கே என்றுதான். பாண்டியர்களின் துறைமுகம், முத்துக்குப் பேர்போன பட்டினம், கிரேக்கர்கள் எழுதிவைத்த ஊர் என்றெல்லாம் படித்துவிட்டு வருவார்கள். வந்து பார்த்தால் வாழைத் தோட்டமும் நெல்வயலும் ஒரு பெரிய குளமும் பழைய வன்னிமரமும்தான் இருக்கின்றன. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. கரை இப்போது ஏறத்தாழ 6 கி.மீ. தள்ளி இருக்கிறது. கால்டுவெல் 1870களில் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியது. சங்கும் சிப்பியும் மண்ணுக்குள்ளிருந்து வந்தன.

கடல் தள்ளிப் போனாலும் கொற்கைச் சட்டியில் மீன் இல்லாமல் போனதில்லை. ஆனால் அந்த மீன் எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவருகிறார்கள், யாருக்குக் கிடைக்கிறது என்பதெல்லாம் என் ஆயுளுக்குள்ளேயே தலைகீழாகிவிட்டது. கறியின் கதையும் அதுவே. பழசை நினைத்து ஏங்குவதற்காக இதை எழுதவில்லை. கையை விட்டுப் போனவற்றில் சிலவற்றை இன்னும் மீட்டுவிடலாம் என்று நம்புவதால் எழுதுகிறேன்.

1960களின் கடைசியில், நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில், மீன் எங்கள் ஊருக்குத் தலைச்சுமையாக வந்தது. புன்னைக்காயலிலிருந்தும் பழையகாயல் பக்கமிருந்தும் பெண்கள் பனையோலைப் பெட்டியைத் தலையில் வைத்து ஓட்டமும் நடையுமாக வருவார்கள். வள்ளம் கரையேறியதும் புறப்பட்டால்தான் வெயில் ஏறுமுன் ஊருக்குள் நுழைய முடியும். ஐஸ் கிடையாது. பெட்டியின் மேல் நனைத்துப் போட்ட சாக்கு ஒன்றுதான். என் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே பேரத்தைத் தொடங்குவாள்.

"இன்னைக்கு என்னட்டி கொண்டாந்திருக்க?"

"சாளை ஆச்சி. செவுளத் தூக்கிப் பாருங்க, ரத்தம் மாதிரி இருக்கு."

"செவுளு செவப்பாத்தான் இருக்கு. வயிறு உடைஞ்சிருக்கே?"

"வெயில்ல நடந்து வந்தா உடையாம என்ன செய்யும் ஆச்சி? ரெண்டு கூடப் போடுதேன், எடுங்க."

அந்தப் பேரத்தில் பெரும்பாலும் காசு கைமாறாது. பிசான அறுப்பு முடிந்த கையோடு, நாழி நெல்லுக்கு இத்தனை சாளை என்று கணக்கு. ஐங்குறுநூற்றில் பாண்மகள் மீனைக் கொடுத்துவிட்டு நெல்லை வாங்கிக்கொண்டு போகிறாள். அந்தக் கொடுக்கல் வாங்கல் எங்கள் திண்ணையில் 1970கள் வரை நடந்தது. அந்தப் பெண்களைத் திண்ணையில் உட்காரவிடாத வீடுகளும் ஊரில் இருந்தன. நெல்லை அளந்து பெட்டிக்குள் மேலிருந்தே கொட்டுவார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் சொன்னதாகும்.

சாளையைக் கழுவுவது தனி வேலை. ஆச்சி அருவாமணை முனையில் செதிலைச் சுரண்டுவாள். தலையைக் கிள்ளும் அதே இழுப்பில் குடலும் வந்துவிடும். பிறகு கல்லுப்பைப் போட்டு, மண்சட்டியின் சொரசொரப்பான உட்பக்கத்தில் உரசி உரசிக் கழுவுவாள். தண்ணீர் தெளிந்து வரும்வரை விடமாட்டாள். தேங்காய், சீரகம், உள்ளி, வத்தல், மல்லி எல்லாம் அம்மியில் மையாக அரைபடும். மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து மாங்காயைப் போடுவாள். குழம்பு கொதித்து வாசம் மாறிய பிறகுதான் மீன் சட்டிக்குள் போகும். அதற்குப் பிறகு கரண்டி படக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுவாள், அவ்வளவுதான். மறுநாள் காலை பழைய சோற்றுக்கு அந்தச் சட்டியின் அடியில் சுண்டிக் கிடக்கும் குழம்புக்கு எங்களுக்குள் சண்டையே நடக்கும். முள்ளெடுக்கச் சொல்லிக்கொடுத்ததும் ஆச்சிதான். முதுகை விரலால் மெல்ல அழுத்திவிட்டு வாலைப் பிடித்துத் தூக்கினால் நடுமுள் முழுசாகக் கையோடு வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது.

சீலா, பாரை, ஊளி எல்லாம் வசதியுள்ள வீட்டு மீன். சாளை, நெத்திலி, காரல் கூலிக்காரர் வீட்டு மீன். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் பெட்டிக்காரப் பெண்கள் வர மாட்டார்கள். அப்போது கருவாடுதான். நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும், சுட்ட சாளைக் கருவாடும் கஞ்சியும். சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் கட்டையாகக் காயவைத்த மாசி ஒரு துண்டு எல்லார் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலும் கிடக்கும். அதை இடித்துத் தூவினால் வெறும் தேங்காய்த் துவையலும் அசைவமாகிவிடும்.

இதெல்லாம் கடல் கொடுத்தது. ஊரே கொடுத்த மீனும் ஒன்று உண்டு. தாமிரபரணியின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால் வழியாக வரும் தண்ணீர் குளத்தில் சேரும்போது மீனும் கூடவே வரும். கெண்டை, கெளுத்தி, விரால், ஆரால், உளுவை, அயிரை. சித்திரையில் குளம் வற்றி நடுவில் கொஞ்சம் சேறும் தண்ணீருமாகக் கிடக்கும்போது குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்த பாசிக் குத்தகைக்காரர் முதலில் வலை போடுவார். அவர் அள்ளி முடித்ததும் ஊரே இறங்கலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. அடியில்லாத கூடையைச் சேற்றில் கவிழ்த்துப் பிடித்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவோம். விரால் கையில் பட்டால் முதலில் நழுவும். செவுளுக்குள் விரலைக் கொடுத்தால்தான் அகப்படும். கெளுத்தி முள் குத்தினால் அன்றைக்கு முழுவதும் கடுக்கும். சாயங்காலம் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் சாம்பலில் புரட்டிய விரால் துடித்துக்கொண்டிருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு அயிரைக் குழம்பு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு விரால் என்று வீட்டுக்கு வீடு வைத்தியம் இருந்தது.

அயிரைக்குத் தெளிந்த தண்ணீரும் அடியில் மணலும் வேண்டும். தாமிரபரணியில் மணலை அள்ள அள்ள அயிரை குறைந்தது. 2010இல் ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் இரா. நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வாதாடி, ஆற்றில் மணல் அள்ளத் தடை வாங்கினார். ஆற்றங்கரைக்காரர்கள் அவருக்குப் பட்ட கடன் பெரியது. ஆனால் அதற்குள் போன மணல் போனதுதான். குளத்தில் அமலைச் செடி மூடியது. அதற்கும் முன்னாலேயே ஜிலேபிக் கெண்டை வந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் அந்த மீனை 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும் மீன் அது. அதனால் எந்தக் கலங்கல் தண்ணீரிலும் பெருகிவிடும். ஏழைக்கு மலிவான மீன் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அந்த வகையில் அது சோறு போட்டும் இருக்கிறது. ஆனால் இன்று எங்கள் பக்கத்துக் குளங்களில் வலையை வீசினால் பத்துக்கு எட்டு ஜிலேபிதான். போதாக்குறைக்கு, வளர்க்கக் கூடாது என்று அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வாய்க்கால்களில் தலைகாட்டுகிறது. அது மற்ற மீனின் குஞ்சுகளையும் தின்று வளரும்.

கறிக்கு வருகிறேன். அந்த நாளில் ஆட்டுக்கறி என்றால் தீபாவளி, பொங்கலுக்கு மறுநாளான கரிநாள், சுடலைமாடன் கோயில் கொடை. இவற்றைத் தவிர யாராவது காதுகுத்து வைத்தால் உண்டு. தீபாவளிக்கு முந்தைய ராத்திரி நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடா பிடிப்பார்கள். எங்கள் பக்கத்துக் கொடி ஆடு, உயரமாக, வெள்ளையில் கறுப்போ சிவப்போ தெறித்த மாதிரி இருக்கும். விடியுமுன் அறுத்து, வாழை இலைகளைத் தரையில் வரிசையாக விரித்துக் கூறு வைப்பார்கள். தராசு கிடையாது. கூறு வைக்கிறவர் ஒவ்வொரு இலைக்கும் தொடைக்கறி ஒரு துண்டு, நெஞ்செலும்பு ஒன்று, ஈரல் ஒரு சிட்டிகை, கொழுப்பு கொஞ்சம் என்று சுற்றிச் சுற்றி வருவார். சுவரொட்டி சின்னது, அதை மட்டும் கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்குத் தனியாக எடுத்துவைப்பார். கடைசியில் குனிந்து பார்த்து, இந்தக் கூறிலிருந்து ஒரு துண்டை எடுத்து அந்தக் கூறில் போடுவார். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பனையோலைப் பட்டையில் வாங்கிக்கொண்டு ஓடுவோம்.

அந்தக் கூறு தெருவுக்குள் சமமாக இருந்தது. ஊருக்குள் சமமாக இல்லை. கொடையில் வெட்டிய கிடாவின் தொடை ஒரு தெருவுக்கும் தலையும் குடலும் இன்னொரு தெருவுக்கும் போனதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். வேலை செய்தவன் தெருவுக்கு எலும்பு போனது. வளரும் பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு முட்டைகூடத் தின்னாமல் இருந்தார்கள். வீட்டுக் கோழி இட்ட முட்டை கடைக்குப் போய் உப்பாகவும் வத்தலாகவும் திரும்பிவரும். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் அதில் முட்டையைச் சேர்த்தார். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இருந்து, இப்போது பள்ளி நடக்கும் எல்லா நாளும் கிடைக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் உடம்பைத் தேற்றியதில் அந்த முட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் காலம்தான் நல்ல காலம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

2003 ஆகஸ்டில் கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று ஆணை வந்தது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். அந்தத் தை மாதக் கொடையில் பல ஊர்களில் மாடனுக்குக் கிடா இல்லை. சர்க்கரைப் பொங்கலோடு முடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம், 2004 பிப்ரவரியில், அந்தச் சட்டமே விலக்கப்பட்டது. அந்தச் சில மாதங்களில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேசிக்கொண்டதில் சாமி கோபம் பாதி. வருஷத்துக்கு ஒருமுறை கறி காணும் வீடுகளைப் பற்றிய கவலை மீதி. கொடைக் கறி அவர்களுக்கு வேண்டுதல் மட்டுமல்ல, சாப்பாடும்கூட.

இந்தக் கணக்கையெல்லாம் மாற்றியது பிராய்லர் கோழி. 1990களின் நடுவில் பக்கத்து ஏரல் கடைத்தெருவில் கம்பிக் கூண்டுக்குள் வெள்ளைக் கோழிகள் வந்தன. முதலில் யாரும் வாங்கவில்லை. ஊசிக்கோழி என்றார்கள். இன்றைக்கும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, அது சரியல்ல. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்த இனமும் கணக்கிட்டுக் கொடுக்கும் தீவனமும்தான் ஐந்தாறு வாரத்தில் அதை இரண்டு கிலோவாக்குகின்றன. ஊசியைவிடக் கவலைப்பட வேண்டியது தீவனத்தில் கலக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றித்தான். மனிதருக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைப் பண்ணைகளில் பயன்படுத்த 2019இல்தான் மத்திய அரசு தடை போட்டது.

விலை அந்தத் தயக்கத்தைத் தோற்கடித்தது. பல்லடத்தில் பண்ணைக்கோழிக்கு அன்றன்றைக்கு அறிவிக்கிற விலையை ஒட்டித்தான் ஏரல் கடைப் பலகையும். ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை என்றாலே கோழி என்றானது. தலையும் குடலும் வாங்கிய அந்தத் தெருவிலும் இப்போது வாரம் ஒருநாள் தொடைக்கறி மணக்கிறது. யாரும் கூறு வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. காசைக் கொடுத்து எடை போட்டு வாங்கலாம். பிராய்லர் செய்த நன்மை என்று நான் மனமாரச் சொல்வது இது. நாடு முழுவதுமே இப்போது உற்பத்தியாகும் இறைச்சியில் ஏறத்தாழப் பாதி கோழிதான்.

ஆனால் அந்தக் கோழி எதைத் தின்று வளர்கிறது என்று பார்க்கப் போனால் மறுபடியும் எங்கள் கடலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. தூத்துக்குடியில் விசைப்படகு கரை சேரும் நேரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் பார்க்கலாம். இறாலும் கணவாயும் நல்ல மீனும் ஐஸ் பெட்டிக்குள் ஒருபக்கம் போகும். இன்னொரு பக்கம், சாம்பல் நிறக் குவியலாக, மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் கொட்டுவார்கள். சங்காயம் என்பது அதன் பேர். குனிந்து கிளறிப் பார்த்தேன்: விரல் நீளக் காரல், குஞ்சுப் பாரை, குஞ்சு விளைமீன், சின்ன நண்டு, கண் திறந்த மாதிரியே கிடக்கும் பொடி மீன்கள். இழுவலை கடலடியைத் துடைத்துக்கொண்டு வரும்போது கூடவே வந்தவை. விட்டிருந்தால் சில மாதங்களில் ஒரு வீட்டுக்குக் குழம்பாகியிருக்கும். இப்போது அது காய்ந்து அரைபட்டுக் கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைத் தீவனத்துக்கும் போகிறது.

சாளையும் அதே வழியில் போகிறது. முன்பு மேற்குக் கரையில் மலிந்திருந்த பேச்சாளை, கடல்நீர் சூடாவதால் கிழக்குக் கரைப் பக்கமும் பரவியிருப்பதாக மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். கிடைக்கிற சாளையில் நல்லது லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகிறது. மலிந்துவிட்டால் மீன்தூள் ஆலைக்குப் போகிறது. ஆறு கிலோமீட்டரில் இருக்கிற கொற்கைக்குக் கொண்டுவந்து விற்க ஆள் குறைந்துவிட்டது. பெட்டிக்காரப் பெண்களுக்குப் பிறகு சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். பிறகு டிவிஎஸ் 50இல் தெர்மாகோல் பெட்டி வந்தது. இப்போது பெரும்பாலும் கடைதான். கடையில் சாளையை வைக்க அவர்களுக்கு விருப்பமில்லை. சீக்கிரம் கெடும், லாபம் குறைவு, வெட்டிச் சுத்தம் செய்ய நேரம் பிடிக்கும்.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 2001இலிருந்து ஆண்டுக்கு 45 நாள் மீன்பிடித் தடை இருந்தது. 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். மீன் குஞ்சு பொரிக்க இந்தத் தடை வேண்டும். அந்த நாட்களில் நாட்டுப்படகு கொண்டுவரும் சீலா கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கடையில் அப்போது கிடப்பது ஆந்திரப் பண்ணையின் கட்லாவும் ரோகுவும். உலகமே அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது. 2022இல் உலகில் வளர்த்தெடுத்த மீனும் இறாலும் முதல்முறையாகப் பிடித்தவற்றைவிட அதிகமாகிவிட்டன என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு அறிவித்தது. ஒரு மனிதனுக்கு ஆண்டுக்கு 1961இல் 9 கிலோவாக இருந்த மீன் உணவு இப்போது 20 கிலோவுக்கு மேல் என்பதும் அதே அமைப்பின் கணக்கு. தட்டில் மீன் கூடியிருக்கிறது. தட்டுக்கு வரும் மீன் வகைதான் குறைந்திருக்கிறது. கொற்கையில் ஒரு வருஷத்தில் இருபது வகை மீன் தின்ற வீட்டில் இப்போது நான்கு வகை வந்தால் பெரிது.

என் பேத்தி முள் இருக்கிற மீனைத் தொட மாட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? அவள் பார்த்த மீனெல்லாம் துண்டு போட்டு, தோலுரித்து, முள்ளெடுத்து வந்தது. சாளையின் நடுமுள்ளை எடுக்கச் சொல்லிக்கொடுத்தபோது இரண்டாவது மீனிலேயே கற்றுக்கொண்டாள். ஆக, கொடுத்தால் தின்பார்கள். நாம் கொடுக்காமல் இருந்திருக்கிறோம்.

2023 டிசம்பர் வெள்ளம் இன்னொரு அடி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் மிதந்தது, குளங்கள் உடைந்தன, தொழுவில் கட்டியிருந்த ஆடுகளும் பஞ்சாரத்தில் கவிழ்த்திருந்த கோழிகளும் போயின. எங்கள் தெருவில் கோழி வளர்த்த பல வீடுகள் அதற்குப் பிறகு மறுபடி வளர்க்கவில்லை. முட்டைக்கும் கறிக்கும் கடைக்குப் போகிறார்கள்.

இதில் எங்கள் பக்கத்து மக்கள் செய்யக்கூடிய காரியம் இரண்டு இருக்கிறது. ஒன்று, நாட்டுப்படகு மீன் விற்கும் பெண்களிடம் சாளையும் நெத்திலியும் காரலும் கேட்டு வாங்குவது. கேட்கிறவன் இருந்தால் அது மீன்தூள் ஆலைக்குப் போகாது. ஏழைப் பிள்ளைக்கு இவ்வளவு மலிவாக இவ்வளவு சத்துக் கொடுக்கும் வேறு மீன் கிடையாது. மற்றது, குளத்தைப் பற்றியது. பாசிக் குத்தகை விடும்போது நாட்டு மீன் குஞ்சு விட வேண்டும், விராலும் கெண்டையும் கெளுத்தியும் வளர இடம் வேண்டும், ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குளத்துக்குள் விடக் கூடாது என்று நிபந்தனை போடலாம். அமலையை எடுக்கலாம். ஸ்ரீவைகுண்டம் தொடங்கி முக்காணி வரை இருக்கிற ஒவ்வொரு ஊர்க்காரரும் அடுத்த கிராம சபைக்குப் போய் எழுந்து நின்று, எங்கள் குளத்தில் என்ன மீன் விடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.